கிரியாட்டினினை மட்டும் நம்பாதீங்க

தீசிஸ் வேலைல மூழ்கிட்டதால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. இன்னைக்குக் கொஞ்சம் சீரியஸான பதிவு. மொக்கை அடுத்த வாரம் :-)

எங்க பில்டிங்ல மேல் மாடியில ஒரு சேட்டன் இருக்கார். (அப்பாசியாவுல சேட்டன் இல்லாத பில்டிங் எது?) போன வருஷம் ஆகஸ்ட்ல லீவு முடிஞ்சு ஆலப்புழையிலருந்து வந்தார். வந்த நாலாம் நாள் காய்ச்சல், கெண்டைக்கால்ல பயங்கர வலி, கண்ணு ரெண்டும் சிவப்பு. ஃப்ளூன்னு வலி மாத்திரை கொடுத்தாங்க. கிரியாட்டினின் நார்மல், சிறுநீரும் நல்லா போகுது, கிட்னிக்கு ஒண்ணுமில்லைன்னாங்க. மூணு நாள்ல டயாலிசிஸ். எலிக்காய்ச்சல்! நல்லவேளை, பிழைச்சு கிட்னியும் தேறிட்டார்.

நான் உயிர்வேதியியல் படிக்கிறவன்ங்கிறதால இது மனசை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கிட்னி அடி வாங்கி ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் கிரியாட்டினின் ஏறும். எலிக்காய்ச்சல்ல இன்னொரு ஏமாத்து வேலையும் உண்டு: பல பேருக்கு சிறுநீர் குறையவே குறையாது. கிருமி முதல்ல தாக்குறது கிட்னியோட நுண்குழாய்களை, வடிகட்டி அப்புறம்தான்.

இதுக்குத்தான் புது அடையாளப் புரதங்கள். என்.ஜி.ஏ.எல். சில மணி நேரத்துலயே சிறுநீர்ல ஏறிடும்னு, இதய ஆபரேஷன் ஆன குழந்தைகள்கிட்ட 2005லயே காட்டிட்டாங்க. கிம்-1 அடிபட்ட நுண்குழாயிலருந்தே வர்றது. எலிக்காய்ச்சல் நோயாளிகள்கிட்டயும் தாய்லாந்துல என்.ஜி.ஏ.எல்.லைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஆனா அமெரிக்காவுல என்.ஜி.ஏ.எல். டெஸ்டுக்கு அனுமதி கிடைச்சது 2023 டிசம்பர்லதான், அதுவும் சின்ன வயசுக்காரங்களுக்கு மட்டும். இன்னொரு சிக்கல், உடம்புல எந்தப் பெரிய தொற்று இருந்தாலும் என்.ஜி.ஏ.எல். ஏறும். எலிக்காய்ச்சலே ஒரு தொற்றுதானே? அதனால அதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்ல முடியாது.

என் கருத்து இதுதான். இந்த டெஸ்டெல்லாம் வயலும் வெள்ளமும் இருக்கிற ஊர்களோட சின்ன ஆஸ்பத்திரிக்கு மலிவா வரணும். பெரிய ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.வுல மட்டும் கிடந்தா யாருக்கு லாபம்? அது வர்ற வரைக்கும் காசில்லாத டெஸ்ட் ஒண்ணு நம்ம வாய்லயே இருக்கு: "டாக்டர், ஊர்லருந்து இப்பதான் வந்தேன், மழைத்தண்ணியில நடந்தேன்." கிருமி உள்ள போயி காய்ச்சல் வர பொதுவா 5லருந்து 14 நாள், சிலருக்கு ஒரு மாசம் வரைக்கும்கூட. லீவு முடிஞ்சு ஃப்ளைட் ஏற அது போதாதா? மழையே அபூர்வமான குவைத்ல, நாம சொல்லாம டாக்டருக்கு எப்படித் தோணும்? சொல்லியிருந்தா சேட்டனுக்கு டாக்ஸிசைக்ளின் முதல் நாளே கிடைச்சிருக்கும். கிட்னியைக் கெடுக்கிற வலி மாத்திரையும் உள்ளே போயிருக்காது.

2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளாவுல இந்த மாத்திரையை முன்கூட்டியே கொடுத்தாங்க. நம்ம ஊர்ப்பக்கம் எப்படி? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.