வீட்டு வாசலில் ‘நோ பார்க்கிங்’ போர்டு வைத்தால் செல்லுமா?

"எங்க வீட்டு முன்னாடி நீங்க எப்படி வண்டி விடலாம்?" சென்னையின் குடியிருப்புத் தெருக்களில் அடிக்கடி கேட்கும் சண்டை இது. வெளி வண்டி வராமல் இருக்க பூந்தொட்டி, மணல் மூட்டை, சங்கிலி, கூடவே சொந்தச் செலவில் ஒரு ‘நோ பார்க்கிங்’ போர்டு. ‘மீறினால் காற்று பிடுங்கப்படும்’ என்ற மிரட்டல் வேறு.

அந்த போர்டு சட்டப்படி செல்லாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 116-ன்படி, சாலையில் போக்குவரத்துப் பலகை வைக்கும் அதிகாரம் அரசுக்கும், அரசு அனுமதித்த அமைப்புகளுக்கும்தான். எங்கே வண்டி நிறுத்தலாம் என்பதையும் பிரிவு 117-ன்படி அவர்கள்தான் உள்ளாட்சி அமைப்பைக் கலந்து முடிவு செய்ய வேண்டும். அனுமதியின்றி வைத்த போர்டு, தொட்டிகளை எடுக்காவிட்டால் நடவடிக்கை என 2024 பிப்ரவரியிலேயே சென்னை போக்குவரத்து காவல்துறை எச்சரித்தது.

அப்போ, நம்ம கேட்டை மறித்து ஒருத்தர் காரை விட்டுட்டுப் போனா சும்மா இருக்கணுமா? தேவையில்லை. பலரும் குழம்புவது இங்கேதான். கேட்டுக்கு நேரே மறித்து நிறுத்துவது 2017-ம் ஆண்டு வாகன ஓட்டுதல் விதிமுறைகளின்படி ஏற்கெனவே தவறு. அபராதம் 500 ரூபாய், மறுபடியும் செய்தால் 1,500. இதற்கு உங்கள் போர்டே தேவையில்லை. ஆனால் கேட்டைத் தாண்டி, காம்பவுண்ட் சுவரை ஒட்டிய இடம் பொதுச் சாலை. சொத்து வரி கட்டுவதால் அது உங்களுடையதாகிவிடாது. போர்டு வைத்தவரின் சொந்தக் கார் பல நேரம் அதே இடத்தில்தான் நிற்கும் என்பது தனிக்கதை!

உண்மையான சிக்கல் இடப்பற்றாக்குறை. பிளானில் பார்க்கிங் என்று காட்டிய தரைத்தளம், கட்டி முடித்ததும் கடையாகவோ வாடகை அறையாகவோ மாறிவிடுகிறது. வண்டிகள் தெருவுக்கு வருகின்றன. இருபது அடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்?

ஜப்பானில் 1962-லேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். கார் நிறுத்த இடம் இருப்பதாகக் காவல்துறையின் சான்று இல்லாவிட்டால், பெரும்பாலான ஊர்களில் காரைப் பதிவு செய்ய முடியாது. சென்னையிலோ மாநகராட்சியின் கட்டணப் பார்க்கிங் பெரும்பாலும் கடைவீதிகளோடு நின்றுவிடுகிறது. உள்தெருக்களில் முதலில் வந்தவருக்கே இடம்.

கேட்டை மறித்த வாகனம் என்றால் போக்குவரத்து போலீஸுக்குச் சொல்லுங்கள். சாலையை அடைத்த தொட்டி, கல் என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்யலாம். கோபத்தில் டயர் காற்றை மட்டும் பிடுங்காதீர்கள். புகார் உங்கள் மேல் திரும்பும்.