பதினைந்து நாளில் எழுபது வயது எழுந்துவிடாது

எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வேறுபாடு பாராமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு என்று 2024 செப்டம்பர் 11-ல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவையும், அக்டோபர் 29-ல் அதற்கெனத் தனி அட்டை வந்ததையும் வாசகர்கள் அறிவார்கள். நாட்டில் ஆறு கோடி முதியவர்களுக்குப் பயன் என்று சொல்லப்பட்டது. எந்த மாநிலம் சேர்ந்தது, எது தள்ளி நின்றது, எந்த மருத்துவமனை அட்டையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்றே அதன் பிறகு பேச்சு ஓடியது. அந்த இரைச்சலில் ஒரு வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பிறகு ஆகும் செலவுக்குத் திட்டம் பொறுப்பேற்பது 15 நாளைக்கு மட்டுமே.

இந்த வரி 2018-ல் ஆயுஷ்மான் பாரத் என்ற மூலத் திட்டம் தொடங்கியபோது எல்லா வயதினருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. குடல்வால் அறுவை செய்துகொண்ட இருபத்தைந்து வயது இளைஞருக்கு அது போதும். ஆனால், முதியவர்களுக்கென்றே திட்டத்தை விரித்தபோது, முதுமையில் உடல் எப்படித் தேறுகிறது என்று அறிந்த ஒரு மருத்துவரையாவது கேட்டு அந்த வரியைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. வயதை மட்டும் மாற்றி, பழைய விதியை அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். நம் மனத்தாங்கல் இதுதான்.

பதினைந்து நாளில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். எழுபத்து நான்கு வயது மூதாட்டி ஒருவர் விடியற்காலையில் புழக்கடைக்குப் போகும்போது வழுக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. தமிழ்நாட்டில் இது நடக்காத தெரு இல்லை. அறுவை சிகிச்சை நடக்கிறது. தகடோ செயற்கை மூட்டோ வைக்கிறார்கள். அட்டை இருப்பதால் செலவு இல்லை. நல்லது. ஆறேழு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையில் டிஸ்சார்ஜ் சம்மரி. இரண்டு பக்கம் ரத்தப் பரிசோதனை எண்கள். கடைசியில், இடம் மிச்சமிருந்த மூலையில், பிசியோதெரபி தொடரவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. யார் செய்வது, எத்தனை நாள், எங்கே போவது, பணம் யார் தருவது, ஒன்றும் இல்லை. வீட்டிலோ கட்டில் தாழ்ந்தது. உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடக் கீழே போய்விடும். கழிப்பறை கொல்லைப்புறத்தில், குந்தி உட்காரும் வகை. கைப்பிடி கிடையாது. வாக்கர் வாங்கலாம், ஆனால் வாசல்படிக்கு மூன்று படிகள். தையல் பிரித்து, கட்டை எடுத்து, ஒருமுறை மறுபார்வைக்குப் போய் வருவதற்குள் நாள் தீர்ந்துவிடுகிறது. அந்த 15 நாளும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும்தான் உதவும். தினமும் வீட்டுக்கு வந்து பாட்டியைக் கைத்தாங்கலாக எழுப்பி நிற்க வைக்கிற ஆளுக்கு அதில் இடம் இல்லை.

எலும்பு கூடுவதற்கே மூன்று மாதம் ஆகும். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வரவும், கைத்தடியோடு படி இறங்கும் துணிவு வரவும் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. நோய் ஏதும் இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்காவில் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. அவர்கள் நல்ல உடம்புக்காரர்கள். ரத்தம் இழந்து, வலியில் சாப்பிட மனமில்லாமல் கிடக்கும் நம் வீட்டுப் பெரியவரின் நிலை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாக வெவ்வேறு நாடுகளின் ஆய்வுகள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் அந்த உயிர்களைக் கொண்டுபோவது முறிவல்ல. எழுந்திருக்க முடியாமல் போனதால் வந்த நிமோனியா, காலில் உறைந்து நுரையீரலுக்கு ஏறிய ரத்தக்கட்டி, புரண்டு படுக்க வைக்க ஆளில்லாததால் வந்த படுக்கைப்புண், அதில் ஏறிய சீழ். அறுவை சிகிச்சை அறையில் காப்பாற்றிய உயிரை வீட்டுத் திண்ணையில் இழக்கிறோம்.

இது இடுப்பெலும்போடு நிற்கிற விஷயமும் இல்லை. மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டவருக்கு முதல் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் முட்டியை மடக்கி நீட்டப் பழக்காவிட்டால், புது மூட்டும் விறைத்துப் போகும். பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் அசைவு வேகமாகத் திரும்புவது முதல் மூன்று மாதத்தில். பைபாஸ் செய்தவரின் நெஞ்செலும்பு கூடவே ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். இவ்வளவு ஏன், மிக எளிய சிகிச்சை என்று நாம் நினைக்கும் கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்தே நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டியிருக்கிறது. முதியவர்களுக்கு அதிகம் நடக்கும் சிகிச்சைகளில் எதைத் தொட்டாலும் 15 நாள் போதவில்லை. பிறகு எந்த நோயை மனத்தில் வைத்து இந்த எண்ணை அப்படியே விட்டுவைத்தார்கள்?

மனநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. அறுவைக்குப் பிறகு முதியவர்களில் பலருக்குச் சில நாள், சில வாரம்கூட, சித்தக் குழப்பம் வருவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. இரவில் எழுந்து, இறந்துபோன அண்ணனைக் கூப்பிடுவார்; மகளையே யார் நீ என்பார்; ட்யூபைப் பிடுங்குவார். பெரும்பாலும் இது தெளிந்துவிடும். வெளிச்சமும் தெரிந்த முகங்களும் நல்ல தூக்கமும் போதிய தண்ணீரும் வேண்டும். ஆனால், வீட்டாருக்கு இதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை. புத்தி பேதலித்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று முடிவு கட்டி ஒரு மூலையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை ஒரு செவிலியர் எட்டிப் பார்த்தால் தீரக்கூடிய அறியாமை இது.

அந்தச் செவிலியர் வராத வீட்டில் சுமை யார் தலையில் விழுகிறது? பெரும்பாலும் மகள், இல்லையேல் மருமகள். நூறு நாள் வேலைக்கோ ஜவுளிக் கடைக்கோ போய்க்கொண்டிருந்தவர் மூன்று மாதம் வீட்டில் நிற்கிறார். அந்த இழந்த கூலி எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. வசதி இருப்பவர்கள் ஏஜென்சி மூலம் ஆள் வைக்கலாம். அந்த ஆளின் மாதச் சம்பளம் பல குடும்பங்களின் மாத வருமானத்தைவிட அதிகம். இலவச சிகிச்சை என்று நம்பி உள்ளே போன குடும்பம், சிகிச்சை முடிந்த பிறகு கடன் வாங்குகிறது.

வேறு நாடுகள் பணக்கார நாடுகள், நமக்கு அது கட்டுப்படியாகாது என்று சொல்லலாம். எனினும் அளவு தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்தில் மருத்துவமனையிலிருந்து திரும்பும் முதியவர் பழைய நிலைக்குத் தேறுவதற்கான வீட்டு உதவி ஆறு வாரம் வரை இலவசம். ஜப்பானில் இடுப்பெலும்பு முறிந்தவருக்கு மறுவாழ்வுப் பிரிவில் 90 நாள் வரை, பக்கவாதத்துக்கு 150 நாள், சிலருக்கு 180 நாள் வரை இடம் உண்டு. நமக்கு 90 நாள் கட்டுப்படியாகாமல் இருக்கலாம். ஆனால், திரும்பத் திரும்ப ஐசியூவில் சேர்ப்பது மட்டும் கட்டுப்படியாகிறதா? படுக்கைப்புண் சீழ்ப்பிடித்து அதே பாட்டி மறுபடி உள்நோயாளியாக வந்தால், அதே அட்டையில் பணம் தாராளமாகக் கிடைக்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பப் பணமில்லை. ஆள் போகாததால் முற்றிய நோய்க்குப் பணம் உண்டு. திட்டம் உள்நோயாளிப் படுக்கைக்குப் பணம் தருகிறது. படுக்கையை விட்டு எழுப்புவதற்குத் தரவில்லை.

வீட்டுச் சிகிச்சைக்குப் பணம் தந்தால் முறைகேடு பெருகும் என்ற வாதமும் வரும். மருத்துவமனைக்குள் மட்டும் முறைகேடு நடக்கவில்லையா? ஏற்கெனவே இறந்தவர்களாகப் பதிவான 3,446 பேருக்குச் சிகிச்சை அளித்ததாகக் காட்டி 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்ததை 2023-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைதான் வெளிக்கொண்டு வந்தது. இறந்தவருக்குப் பணம் போவதைத் தடுக்கத் தெரியாதவர்கள், உயிரோடு இருப்பவருக்குப் போனால் முறைகேடு நடக்கும் என்று சொல்ல உரிமையற்றவர்கள்.

முதியவர்களின் தேவையை இப்படிக் கைவிடுவது தில்லிக்குப் புதிய பழக்கமும் அல்ல. அங்கே நாற்காலிகளில் ஆள் மாறியிருக்கிறது; முதியவர் விஷயத்தில் நடைமுறை மாறவில்லை. முதியோர் நலவாழ்வுக்கான தேசியத் திட்டம் என்று 2010-ல் தொடங்கினார்கள். மாவட்ட மருத்துவமனைதோறும் முதியவர்களுக்குப் பத்துப் படுக்கை, இயன்முறை சிகிச்சைப் பிரிவு, எழுந்து வர முடியாதவர்களின் வீட்டுக்கே ஊழியர் என்று அந்த ஆவணத்தில் எல்லாமே இருக்கிறது. இன்று நாம் கேட்பதைத்தான் அன்றே எழுதி வைத்தார்கள். எழுதியதோடு சரி, வீட்டுக்கு வந்த ஊழியரை எத்தனை ஊர்கள் கண்டன? அதே திட்டத்தின் பேரில் சென்னைக்கு வாய்த்த தேசிய முதியோர் நல மருத்துவமனையின் கதை தெரிந்ததே. கிண்டியில் எழும்பிய கட்டடம் 2020-ல் கொரோனா மருத்துவமனை ஆனது. அது அன்றைய அவசியம், குறை சொல்ல மாட்டோம். ஆனால், முதியவர்களுக்காகக் கதவு திறந்தது 2024 பிப்ரவரி 25-ல்தான்.

ரயில் கட்டணச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்ததை 2020 மார்ச்சில் தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். தொற்று போய்விட்டது. சலுகை திரும்பவில்லை. மறுபார்வைக்காக மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் சென்னைக்கோ வேலூருக்கோ வரும் பெரியவர்கள் முழுக் கட்டணம் கொடுக்கிறார்கள். புற்றுநோய், இதய அறுவை என்று குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு மட்டும் சலுகை உண்டு, இடுப்பெலும்பு முறிந்தவருக்கு இல்லை. முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்கு உட்பட்டவருக்கு மாதம் 200 ரூபாய் என்று 2007-ல் இருந்தது. இன்றும் அதே 200. வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தும் பிரிவோடு 2019 டிசம்பரில் மக்களவையில் கொண்டுவந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத் திருத்த மசோதா, நிறைவேறாமலே அந்த மக்களவையோடு காலாவதியானது. ஸ்டென்ட்டுக்கும் செயற்கை மூட்டுக்கும் 2017-ல் விலை உச்சவரம்பு வைத்து நல்ல பெயர் வாங்கியவர்கள், அந்த மூட்டை நடக்க வைக்கும் மனித உழைப்புக்கு ஒரு காசு ஒதுக்க ஏழு ஆண்டு கழித்தும் யோசிக்கவில்லை. திறப்பு விழா எடுக்க முடிந்த விஷயங்களில் இவர்களுக்கு ஆர்வம் குறைவதே இல்லை. ஒரு பாட்டி கட்டிலிலிருந்து எழுந்து வாசல் வரை நடந்துவிட்டதற்கு விழா எடுக்க முடியாது என்பதாலேயே அது திட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

தமிழ்நாடு கொஞ்சம் வழி காட்டியிருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வலிநிவாரணப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பது கணக்கு. ஒரு வட்டாரத்தில் சராசரியாக முப்பதுக்கு மேல் ஊராட்சிகள். ஒருவர் ஓர் ஊருக்கு மாதம் ஒருமுறை போவதே பெரும்பாடு. எலும்பு முறிந்த காலுக்கு வேண்டியதோ முதல் வாரங்களில் அன்றாடப் பயிற்சி. மாநில அரசு தன் பணத்தில் தொடங்கிவைத்த இந்த ஏற்பாட்டை, காப்பீட்டுத் திட்டத்தின் பணத்தோடு இணைத்திருந்தால் ஆள் எண்ணிக்கை பெருகியிருக்கும். வேலையில்லாமல் நிற்கும் பிசியோதெரபி பட்டதாரிகளுக்கும் வழி பிறந்திருக்கும். தில்லியில் யாருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியும் செய்யவில்லை என்றால் அது இன்னும் பெரிய குற்றம்.

எப்படிச் செய்வது என்பதற்கு வல்லுநர்கள் இருக்கிறார்கள். வழிமுறையை அவர்கள் வகுக்கட்டும். நாள் கணக்கைக் கோப்பு பார்க்கும் அதிகாரி முடிவு செய்வதை விட்டு, நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யும் நிலை வர வேண்டும். மருத்துவமனை வாசலோடு நின்றுவிடும் பணம் வீடுவரை போக வேண்டும். அட்டை முதுமைக்கென்று இருந்தால் விதிகளிலும் முதுமை இருக்க வேண்டும்.

அந்த 15 நாள் என்ற வரம்பு முதியவர்கள் விஷயத்தில் நீக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.க்கள், கட்சி பேதம் பாராமல், வரும் கூட்டத்தொடரிலேயே இதை எழுப்ப வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து திரும்பிய தாயையோ தந்தையையோ வீட்டில் வைத்துக்கொண்டு திண்டாடும் வாசகர்கள், தங்கள் நிலையை உள்ளபடி எழுதித் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு இந்த வாரமே அனுப்புங்கள்.