உப்பிட்டவரை நினைத்தோமா?

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் நாட்டுப் பழமொழி. நினைக்கிறோமா, தோழர்களே? சோற்றில் உப்புக் குறைந்தால் சீறுகிறோம். அந்த உப்பை வாரித் தந்தவன் உடலில் உயிர் குறைவதை என்றேனும் எண்ணிப் பார்த்தோமா?

இராமேசுவரத்தில் தீர்த்தமாட வருவோர் பல்லாயிரவர். அதே இராமநாதபுரம் மாவட்டக் கரையில், வாலிநோக்கம் உப்பளத்திலே வியர்வையில் நீராடுவோரும் உண்டு! மேலே வெயில் காய்கிறது. கீழே வெள்ளை உப்பு அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. கடற்காற்றின் ஈரமோ வியர்வையை உலரவிடுவதில்லை. வியர்வை உலர்ந்தாலன்றோ உடல் குளிரும்?

"நீர்க்கடுப்பு, இடுப்புவலி, எல்லாம் எங்கள் தலையெழுத்து" என்று சொல்லிக்கொள்கிறார்கள் அந்த ஏழைகள். ஆராய்ச்சி சொல்வது வேறு! சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை, தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது பேர் வரம்பு மீறிய வெப்பத்தில் உழைப்பதைக் கண்டனர். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. உடலில் நீர் வற்றினால் சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையும். நாள்தோறும் வற்றினால் அது நலியும். இதில் தலையெழுத்து எங்கே வந்தது?

தாய்மார் நிலை இன்னும் கொடிது. ஒதுங்க மறைவிடம் இல்லாத உப்பளத்தில், சிறுநீர் கழிக்க நேருமே என்று அஞ்சித் தண்ணீரையே குடியாமல் உழைக்கின்றனர்!

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் உதவி என்றது. வரவேற்கிறோம். ஆனால், பிணத்துக்குப் பின் வரும் பணத்தைவிட, உயிரோடிருக்கையில் வரும் ஒரு குடம் தண்ணீர் உயர்ந்ததன்றோ?

மாடமாளிகையா கேட்கிறோம்? பாத்தியருகே ஒரு நிழற்கூரை. கைக்கெட்டும் தூரத்தில் குடிநீர். பெண்களுக்குக் கழிப்பிடம். உச்சிவெயிலில் கூலி குறையாத ஓய்வு. ஆண்டுக்கொருமுறை சிறுநீரகச் சோதனை. இவ்வளவே!

1974-இல் அமைந்த தமிழ்நாடு உப்புக் கழகம் அரசுக்குச் சொந்தம். அதன் உப்பளம் வாலிநோக்கத்திலேயே இருக்கிறது. இவை யாவும் அங்கே குறைவற நிறைவேறட்டும். தனியார் முதலாளிகளையும் சட்டம் பணிய வைக்கட்டும்.

தோழர்களே! உப்பளங்களுக்குச் செல்லுங்கள். ஆய்வு சொன்னதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை அதிகாரிகளின் காதில் விழச் செய்யுங்கள். தொழிலாளி கூலிக்குத் தருவது வியர்வையை, சிறுநீரகத்தை அல்ல!