தாயருகே ஓர் ஆசனம்

படுவான்கரைப் போடியாரும் மட்டுநகர் வைத்தியரும் கட்டுநாயக்காவில் விமானத்தின் சாதாரண வகுப்பில் ஏறுகின்றனர். காட்சி விரும்புவோர் சாளரத்தையும், கால் நீட்ட விரும்புவோர் நடைவழி ஓரத்தையும் தேர்வர். நடு ஆசனத்தை நாடுவார் அரியர். விரும்பிய ஆசனத்துக்குப் பல நிறுவனங்கள் தனிக்கட்டணம் கேட்கின்றன. அது வாணிபம் எனலாம். ஆயின், கட்டணம் செலுத்தாத குடும்பம் எஞ்சிய இடங்களிற் சிதறுண்டு, குழந்தை தாயைப் பிரிந்து அமர்வது நீதியாகுமோ? பயணச்சீட்டு ஓர் ஒப்பந்தம். குழந்தையை ஏற்றிச்செல்ல உடன்பட்டவர், அதன் காப்புக்கும் உடன்பட்டவரே. 12 வயது வரையான பிள்ளைகளைப் பெற்றோருள் ஒருவரருகேனும் அமர்த்துமாறு இந்திய விமானப் போக்குவரத்து ஆணையகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களைப் பணித்தது. உன்னிச்சைக் குளத்து நீரிற் கடைக்கோடி வயலுக்கும் பங்குண்டென வாதாடும் நாம், இதில் வாளாவிருத்தல் தகுமா? இலங்கையிலும் இது சலுகையாகவன்றிச் சட்ட உரிமையாக நிலைபெறல் வேண்டும்.