உடையவருக்கு ஒரு தமிழ்ப் படம்

மத நம்பிக்கை முற்றினால் இயக்குநரின் கலை மங்கிவிடும், படம் பிரசங்கமாகிவிடும் என்கிறார்கள். கர்நாடகத்து ஜி.வி. ஐயரைப் பார்க்கும்போது அப்படித் தோன்றவில்லை. நஞ்சன்கூட்டில் 1917-இல் பிறந்து, நாடகக் கம்பெனியில் தேறி, 'பேடர கண்ணப்பா'வில் (1954) நடித்து, கன்னட வணிகப் படங்களுக்கு எழுதிப் பிழைத்தவர் அவர். காந்தி மறைந்தபின் செருப்பையே துறந்தவர். அறுபது வயது தாண்டியபின், 1983-இல், 'ஆதி சங்கராச்சாரியா'வை எடுத்தார். முதல் சமஸ்கிருதத் திரைப்படம் அது. அந்த ஆண்டின் சிறந்த படம் என்று தேசிய விருதும் பெற்றது. நமக்குப் பழகிய பக்திப் படம் வேறு மாதிரி. ஏ.பி. நாகராஜனின் 'திருமால் பெருமை'யில் (1968) அரங்கன் ஆபரணங்களோடு வருவார், அற்புதம் நடக்கும், கை தானாகக் குவியும். அந்த அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் உருவமற்ற பிரம்மத்தை நம்புகிறவர் கிரீடம் வைத்த தெய்வத்தை எப்படிக் காட்டுவார்? ஐயரின் படத்தில் தந்தையை இழந்த சிறுவன் சங்கரனோடு மரணமும் ஞானமும் மனித உருவில், தோழர்களாகக் கடைசிவரை நடக்கிறார்கள். தெய்வத்துக்கு நடிகரைத் தேடாமல் சாவுக்கு நடிகரைத் தேடியிருக்கிறார். எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அங்கே தீர்மானித்தது அவருடைய நம்பிக்கைதான்.

யாருக்கும் புரியாத மொழியில் எடுத்தது மேட்டிமைத்தனம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. பலருக்குக் கற்கவே மறுக்கப்பட்ட மொழி என்பதால் அந்த உறுத்தல் எனக்கும் உண்டு. ஆனால் ஐயர் அங்கேயே நின்றுவிடவில்லை. மத்வரைக் கன்னடத்தில் எடுத்தார்; 1989-இல் ராமானுஜரைத் தமிழில் எடுத்தார். இந்தத் தேர்வை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. ராமானுஜர் எழுதியதெல்லாம் சமஸ்கிருதத்தில், ஸ்ரீபாஷ்யமும் அப்படித்தான். அதைச் சாக்காக வைத்தே இன்னொரு சமஸ்கிருதப் படம் எடுத்திருக்கலாம். ஆனால் திருவரங்கத்தில் ஆழ்வார்களின் தமிழுக்கு மதிப்புத் தேடித்தந்தவர் என்றும், திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திர ரகசியத்தை ஊருக்கே சொன்னவர் என்றும் மரபு போற்றுகிற ஆசாரியர் அவர். அவரை எல்லோருக்கும் புரிகிற மொழியில் காட்டியதுதான் முறை. 'நம்பிக்கை மனிதனைக் குறுக்கும்' என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட படங்களைப் பார்க்க ஆளில்லை என்பார்கள். திருச்சி தென்னூரிலிருந்து காவிரியைத் தாண்டினால், ஸ்ரீரங்கத்தில் உடையவர் என்கிற ராமானுஜரின் சந்நிதி. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாத்தி, அமர்ந்த கோலத்தில் காத்துவரும் அந்தத் திருமேனியைத் தரிசிக்க எத்தனை பேர் வருகிறார்கள்! ராமானுஜருடைய வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப் படம் ஒன்று இருப்பதை அவர்களில் பலர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் அவருடைய நட்சத்திரமான திருவாதிரை நாள் ஒன்றில் அதைத் திரையிட்டுப் பார்க்கட்டும். ஆள் வருமா வராதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.