பொற்கிண்ணமும் தளநாரும்

பழைய மதுப்பாடல்களைப் பற்றி நம்மிடையே வழக்கமான விளக்கம் ஒன்று உலவுகின்றது. கிண்ணம் என்றால் உள்ளம்; மது என்றால் இறையன்பு; மதுச்சாலை என்றால் குருவின் சந்நிதானம். இத்தகைய அகராதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பறையிலும் மேடையிலும் பொருள் கூறுவோர் பலர். பூநகரியின் பனங்கூடல்களிடையே வாழும் நாம் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. மதுவுக்கு ஒரு மரம் உண்டு, அம்மரத்தில் ஏறுகின்ற மனிதன் ஒருவன் உண்டு என்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம்.

துருக்கியரின் உதுமானியப் பேரரசில் வளர்ந்த அரசவைக் கவிதையை முதலில் நோக்குவோம். பாரசீக மரபிலிருந்து அது பெற்ற மதுவும், மது வார்க்கும் சாக்கியும் சூபிகளின் குறியீடுகளாக விளங்கியது உண்மையே. தொழுகையை வெளிவேடமாக்கிய போலித் துறவியை எள்ளி, அவனது பள்ளியினும் மதுச்சாலை மேலானது என்று பாடிய துணிவை நாமும் போற்றுகின்றோம். ஆயின் அதே சொற்களைக் கொண்டே நெதீம் என்னும் கவிஞர் இஸ்தான்புல்லின் சாதாபாத் மாளிகைப் பூங்காக் கேளிக்கைகளைப் பாடினார். 1718 முதல் 1730 வரை நீடித்த ‘துலிப் காலம்’ அது. அங்கே மது மதுவே, விருந்து விருந்தே. அவ்விருந்தின் செலவைச் சுமந்தவர் யார்? 1730இல் விடை கிடைத்தது. ஈரானியப் போரின் தோல்வியாலும் வரிச்சுமையாலும் கொதித்த மக்கள், பழந்துணி விற்ற பத்ரோனா கலீலின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். சுல்தான் மூன்றாம் அகமது அரியணை இழந்தான். கேளிக்கை மாளிகைகள் தகர்ந்தன. குறியீட்டுக்காக எவரும் வரி கட்டவில்லை, விருந்துக்காகவே கட்டினர்.

இனித் தமிழுக்கு வருவோம். பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கொணர்ந்த தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட அவன் மகிழ்ந்திருக்குமாறு புறநானூற்றிலே கூறுகின்றார். கடல் வாணிகமும், அரசனின் செல்வமும், ஏவல் மகளிரின் உழைப்பும் அக்கலத்திலே நிறைந்துள்ளன. பொருநராற்றுப்படையிற் கரிகாலனது விருந்தை உண்ட பொருநன், இறைச்சியைத் தின்று தின்று தன் பற்கள் உழுத கொழுவைப் போலத் தேய்ந்தன என்கின்றான். விருந்தின் நடுவிலும் அவனுக்கு உவமை தந்தது உழவனின் கொழுவே! சிறுபாணாற்றுப்படையோ அவ்விருந்தை நாடிய பாணனின் அடுக்களையைக் காட்டுகின்றது. அங்கே நாய் குட்டி ஈன்றிருக்கின்றது. பறித்த கீரை உப்பின்றி வேகின்றது. பிறர் காணாதபடி கதவு அடைக்கப்படுகின்றது. பசியின் பின்னணியை நீக்கிவிட்டு இவ்விருந்துப் பாடல்களைச் சுவைக்க முயல்வது பாதிப் பாட்டைக் கிழித்தெறிவதாகும்.

காலம் மாறியது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. திருமூலர் உலகியற் கள்ளை விலக்கிச் சிவானந்தத்தையே தேறலாகக் கொண்டார். அவரது அனுபவத்தின் ஆழத்தை நாம் ஐயுறவில்லை. எனினும் இம்மாற்றத்தின் விளைவை மறைத்தல் கூடாது. விலக்கப்பட்ட கள் உவமையாகி விண்ணேறியது. அதனை இறக்கியவனோ மண்ணிலும் இடமின்றி நின்றான்.

இது வெறும் சொல்லலங்காரமன்று. தளநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியும் முட்டியும் இடையில் தொங்கக் காலையும் மாலையும் பனையேறுகின்றான் சீவல் தொழிலாளி. அவன் தவறினால் வீட்டில் அடுப்பெரியாது. அவன் இறக்கிய கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடித்த அதே வட புலத்துச் சமூகம், அவனைப் படலைக்கு வெளியே நிறுத்தியது. கோயில் வாயிலையும் அடைத்தது. 1968இல்கூட மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. உள்ளே பேரின்பத் தேனைப் பற்றிய பாசுரங்கள்; வெளியே பனையேறிய கால்கள்! இம்முரண்பாட்டை எந்த அகராதி விளக்கும்?

அவ்வாறாயின் ஞானப் பாடல்களைத் தள்ளிவிடுவதா? இல்லை. எல்லாவற்றையும் ஞானமாக்குவோர் செய்யும் தவறையே, எல்லாவற்றையும் வெறும் குடியாக்குவோரும் மறுபுறமிருந்து செய்கின்றனர். போலிச் சமயத்தை எதிர்த்த குரல் அப்பாடல்களில் உண்டு. மனிதர் யாவரும் ஒரே பந்தியில் அமரும் கனவும் உண்டு. அக்கனவு மக்களுக்குரியது. அதனைப் பிரபுக்களின் கேளிக்கைக்குத் திரையாக்குவதையே நாம் எதிர்க்கின்றோம்.

2009இல் முடிந்த போர் நம் பனைகள் பலவற்றின் தலையைக் கொய்தது. எஞ்சிய பனைகளில் இன்றும் மனிதர் ஏறுகின்றனர். ஆசிரியர்களே, மாணவர்களே, அடுத்த முறை மதுப்பாடல் ஒன்றை வகுப்பில் எடுக்கும்போது, கிண்ணம் எதனைக் குறிக்கின்றது என்று கேட்டவுடன் நின்றுவிடாதீர்கள். அதனை நிரப்பியவர் யார், பந்தியில் அவருக்கு இடமிருந்ததா என்றும் கேளுங்கள். அப்போதுதான் கவிதையின் முழுப் பொருளும் புலப்படும்.