கைவேலை தெரியும், சான்றிதழ் இல்லை: வடிவமைப்பாளரை எப்படிச் சோதிப்பது?

ஸ்ரீ கெம்பாங்கான் - புத்ரா பெர்மாய் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிய கடைவரிசைகளிலும் அச்சகங்கள், பேனர் கடைகள் உண்டு. வேலை கேட்டு வருபவர்கள் ஏறக்குறைய எல்லாருமே போட்டோஷாப் தெரியும், இல்லஸ்ட்ரேட்டர் தெரியும் என்றுதான் எழுதித் தருகிறார்கள். உண்மையிலேயே தெரியுமா என்பது முதல் வேலை அச்சுக்குப் போன பிறகே முதலாளிக்குப் புரிகிறது. அதற்குள் தாளும் மையும் வீண்.

மறுபக்கம், எஸ்.பி.எம். முடித்துவிட்டு உறவினர் கடையில் உட்கார்ந்து தொழில் பழகிய தோட்டப்புறப் பிள்ளைகள். கைவேலை சுத்தமாக இருக்கும். காட்ட ஒரு தாள் இருக்காது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட்; ஐவருக்கும் குறைவாக வேலை செய்யும் சிறு கடைகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல். அதற்கு மேல் ஒரு வெள்ளி கேட்க வேண்டுமென்றாலும் திறமையை நிரூபித்தாக வேண்டும்.

பல இடங்களில் சோதனை என்ற பெயரில் நடப்பது வெறும் கேள்வி பதில். இந்தக் கருவிக்கு எந்த விசை, அந்தக் கட்டளை எந்தப் பட்டியலில்? மனப்பாடம் செய்தவர் இதில் தேறிவிடுவார். அழகான போஸ்டர் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வதும் போதாது. கேன்வாவில் ஆயத்த வடிவங்கள் குவிந்திருக்கும் காலம் இது. முடிந்த படத்தைப் பார்த்து யார் கைவேலை என்று சொல்ல முடியாது.

அனுபவமுள்ள அச்சகக்காரர் வேறு விதமாகச் செய்வார். வேண்டுமென்றே கெடுத்து வைத்த கோப்பு ஒன்றைக் கொடுப்பார். படம் ஆர்.ஜி.பி. நிறத்தில் இருக்கும், ஓரத்தில் வெட்டுக்கு விடவேண்டிய 3 மில்லிமீட்டர் இருக்காது, சிறிய கறுப்பு எழுத்து நான்கு மையும் கலந்து கிடக்கும். முக்கால் மணி நேரம் கொடுத்து, அச்சுக்குத் தயாராக்கச் சொல்வார். முடித்ததும், "மாப்பிள்ளை பெயர் மாறிவிட்டது, திருத்துங்கள்" என்பார். அடுக்குகளை முறையாக வைத்தவர் இரண்டு நிமிடத்தில் மாற்றுவார். எல்லாவற்றையும் ஒரே படமாக ஒட்டி வைத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். இந்த இரண்டாவது கட்டத்தில்தான் ஆள் யார் என்பது தெரியும்.

தமிழ் வேலை எடுக்கும் கடைகளுக்கு இன்னொரு சோதனையும் தேவை. அதற்கு இவ்வூரின் பெயரே போதும். பழைய இல்லஸ்ட்ரேட்டரிலோ, அமைப்பை மாற்றாத போட்டோஷாப்பிலோ "ஸ்ரீ கெம்பாங்கான்" என்று யூனிகோடு எழுத்தில் ஒட்டினால், 'ஸ்ரீ' துண்டு துண்டாக உடையலாம். 'கெ'யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம். அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவை இயக்கினால் சரியாகிவிடும். இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாதவர் இந்தப் பிழையைக் கவனிக்கவே மாட்டார். திருவிழா பேனர்களிலும் கண்ணீர் அஞ்சலிகளிலும் கொம்பு இடம் மாறி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறனின் நாட்டில் இது நடப்பதுதான் வேதனை.

சோதனையைச் சாக்காக வைத்து இலவசமாக வேலை வாங்கும் போக்கும் இருக்கிறது. வாடிக்கையாளரின் உண்மையான லோகோவையோ பத்திரிகையையோ மூன்று நாள் வீட்டில் செய்து வரச் சொன்னால் அது சோதனையல்ல, சம்பளமில்லாத வேலை. கடையிலேயே, கற்பனை வாடிக்கையாளருக்காக, ஒரு மணி நேரத்துக்குள் முடிவதே முறை. வெளியில் செய்து தரத்தான் வேண்டுமென்றால், குறைந்த தெளிவில் குறியிட்ட படத்தை மட்டும் காட்டலாம். மூலக் கோப்பைக் கொடுக்கக் கூடாது.

கடைக்குக் கடை சோதனை எழுதுவதைக் குறைக்க அரசாங்கத்தில் ஒரு வழி உண்டு. 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே., எஸ்.கே.எம். சான்றிதழை வழங்குகிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. வகுப்பில் உட்காராமல், பல ஆண்டு வேலை அனுபவத்தைக் கொண்டே அதைப் பெறும் பி.பி.தி. முறையும் உள்ளது. தொழில் தரநிலை கேட்கும் ஒவ்வொரு வேலைக்கும் தாம் செய்ததற்கான ஆதாரத்தைத் தொகுத்துக் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதைச் சரிபார்ப்பார்கள்.

சிக்கல் அந்தத் தொகுப்பில்தான். கடையில் ஐந்தாண்டு உழைத்தவரிடம் கேட்டால், "எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது" என்பார். வேலையை விட்டதும் அதுவும் போச்சு. முதலாளியிடம் அனுமதி கேட்டு, மாதம் இரண்டு வேலைகளின் அடுக்குள்ள கோப்பு, அச்சான பிரதி, தேதி ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதற்குச் செலவில்லை. முதலாளி தரும் வேலை உறுதிக் கடிதத்தையும் வேலையில் இருக்கும்போதே வாங்கிக்கொள்வது நல்லது. ஜே.பி.கே. தலைமையகம் இருக்கும் புத்ராஜெயா தூரமும் இல்லை; புத்ரா பெர்மாய் எம்.ஆர்.டி. நிலையத்தில் ஏறினால் நான்காவது நிறுத்தம் புத்ராஜெயா சென்ட்ரல்.